விரல்நுனி வாசிப்பு

பார்வையற்றோருக்கான புள்ளி எழுத்தான பிரெய்லை வாசிப்பவரின் கைகளைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். தடித்த தாளின் மேல் ஆள்காட்டி விரல் அழுத்தாமல், நிற்காமல் வழுக்கிச் செல்லும். வலக்கை வரியை முடிக்குமுன் இடக்கை அடுத்த வரியின் தொடக்கத்தைப் பிடித்திருக்கும். அரை மில்லிமீட்டர் உயரமே உள்ள புள்ளிகள், ஓர் எழுத்துக் கட்டத்துக்கு 6 வரை. காது கொடுத்தால் தோல் தாளில் உரசும் சன்னமான சரசரப்பு கேட்கும். எழுதும்போது டக், டக்கென்று குத்தும் ஒலி. வலமிருந்து இடமாகக் குத்தி, தாளைத் திருப்பி இடமிருந்து வலமாக வாசிக்கும் அந்தப் பொறுமை எனக்குப் பெரிய வித்தையாகவே படுகிறது.

அதைவிட அழகு தலைக்குள் நடப்பது. சிறுவயதிலேயே பார்வை இழந்தவர்கள் விரலால் வாசிக்கையில், மூளையின் பின்புறம் பார்வைக்கென்று இருக்கும் பகுதி சுறுசுறுப்பாவதை 1996-இல் ஆய்வாளர் நோரிஹிரோ சடாட்டோ குழுவினர் காட்டினார்கள். கண்ணிடமிருந்து சேதி வராத இடம் சும்மா கிடக்கவில்லை. விரல் சொல்வதைக் கேட்கப் பழகிக்கொண்டது. கண் தெரிகிற பெரியவர்களுக்கு 5 நாள் கண்ணைக் கட்டி பிரெய்ல் பழக்கியபோதுகூட அந்தப் பகுதி தொடுகைக்கு இசைந்து கொடுத்தது. கட்டை அவிழ்த்த மறுநாளே பழைய நிலைக்குத் திரும்பியது. சரளமாக வாசிக்கும் விரல் மட்டும் அத்தனை சீக்கிரம் வாய்ப்பதில்லை. நடுவயதில் பார்வை போனவர்கள் அதே புள்ளிகளை மாதக்கணக்கில் தடவித் தடவித்தான் அதைப் பெறுகிறார்கள்.