எரியும் பனிக்காடு: நிறவெறியும் அதன் உள்ளூர் வேர்களும்

வரலாற்று நூல்கள் விட்டுச்சென்ற இடைவெளியைப் புனைகதை நிரப்பும்போது, வாசகர் எதைக் கண்டடைகிறார், எதைக் காணத் தவறுகிறார் என்னும் வினா எழுகிறது. பி. எச். டேனியலின் 'ரெட் டீ' (1969) இவ்வினாவுக்கு உரிய களமாகும். ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய அவர், தம் காலத்துக்கு முந்தைய 1920களின் வாழ்வை ஆங்கிலத்தில் நாவலாக்கினார். இரா. முருகவேளின் தமிழாக்கமான 'எரியும் பனிக்காடு' 2007இல் வெளிவந்தது. தமிழ்த் தொழிலாளரின் கதை தமிழை வந்தடைய ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆயின.

நாவலின் தொடக்கம் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து மயிலோடையில் அமைகிறது. தாமிரபரணிப் பாசனம் பெற்ற ஆத்தூரில் நெல்லும் வெற்றிலைக் கொடிக்கால்களும் உண்டு. மானாவாரிக் கரிசல் ஊர்களிலோ மழை பொய்த்தால் பட்டினிதான். அம்மாவட்டத்து ஏழை மக்கள் தூத்துக்குடியில் கப்பலேறி இலங்கைக்கும், நிலவழியே மலைத்தோட்டங்களுக்கும் பிழைப்புத் தேடிச் சென்றனர். கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் சொல்லை நம்பி முன்பணம் பெற்று மலையேறுகின்றனர்.

இந்நாவலை வெள்ளைத் துரைமாரின் நிறவெறியைக் காட்டும் ஆவணமாக மட்டும் வாசிப்பது பாதி வாசிப்பே. தொழிலாளியைத் துரை காண்பதற்கு முன்பே முன்பணம் அவனைப் பிணைத்துவிடுகிறது. அப்பணத்தை நீட்டுபவன் தமிழன். அதை மறுக்க இயலாத வறுமையையும் பணிந்து நிற்கும் பழக்கத்தையும் உருவாக்கியது ஊரின் சாதியமைப்பு. தோட்டத்து நிறவெறி இவ்வடித்தளத்தின்மேல் எழுப்பப்பட்டது என்பதே நாவல் உணர்த்தும் அரிய வரலாற்றுண்மை.

புனைவின் எல்லையையும் சுட்டவேண்டும். முன்பணம் பெற்றபின் வேலையை விட்டு நீங்கிய தொழிலாளியைத் தண்டிக்க 1859ஆம் ஆண்டின் ஒப்பந்த மீறல் சட்டம் இடமளித்தது. அது 1926இல்தான் நீங்கியது. அடிமைநிலை தனிமனிதக் கொடுமையால் மட்டுமன்றிச் சட்டத்தாலும் காக்கப்பட்டதை அறிய, நாவலோடு இத்தகைய ஆவணங்களையும் இணைத்துப் படித்தல் இன்றியமையாதது. மேலும், பிற்பகுதியில் மருத்துவர் ஆபிரகாமின் மனசாட்சி கதையின் மையத்தைப் பற்றிக்கொள்ள, தொழிலாளரின் சொந்தக் குரல் பின்னுக்குச் செல்கிறது. ஆசிரியரும் மருத்துவர் என்பதால் இது இயல்பே. எனினும் ஆய்வாளர் இதைக் கணக்கில் கொள்ளவேண்டும்.

எனவே இந்நாவலை வகுப்பறைக்குக் கொண்டுசெல்வோர், அதை மலையின் வரலாறாக மட்டுமன்றி, ஆள்களை அனுப்பிய சமவெளியின் வரலாறாகவும் பயிற்றுவித்தல் தகும். துரைமார் போய்விட்டனர், மேஸ்திரியை ஈன்ற ஊர்கள் இன்னும் நம்மிடையே உள்ளன.