துப்பறியும் கதைக்கு ஒரு கையறுநிலை: டியூரன்மாட்டின் ‘வாக்குறுதி’

துப்பறியும் கதைகள் இலக்கிய ஆராய்ச்சிக்கு உரிய பொருளாகுமா என்னும் ஐயம் அன்பர் சிலர்க்கு எழுதல் கூடும். அவ்வையம் நமக்கும் ஒருகாலத்து இருந்ததே. கொலை நிகழ்தல், துப்பு அகப்படல், அறிவிற் சிறந்தான் ஒருவன் கொலைஞனைச் சுட்டிக் காட்டல் என்னும் மூன்று படியில் முடிந்துவிடும் கதையுள் ஆராய்தற்கு என்ன உளது என்று எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தை மாற்றிய நூல், சுவிட்சர்லாந்து நாட்டு ஆசிரியர் பிரீட்ரிக் டியூரன்மாட் 1958-இல் செருமன் மொழியில் வெளியிட்ட ‘வாக்குறுதி’ என்னும் சிறு நாவலாகும்.

நாவலின் தொடக்கத்திலேயே நம்மனோரை நோக்கிய எள்ளல் ஒன்று மறைந்துள்ளது. துப்பறியும் கதை எழுதும் கலையைப் பற்றிப் பேசுதற்காக எழுத்தாளர் ஒருவர் கூர் என்னும் நகருக்குச் செல்கின்றார். கேட்க வந்தோர் சிலரே. அதே மாலையில் அதே ஊரில் எமில் ஷ்டைகர் கதேயின் முதுமைக் காலத்தைப் பற்றிப் பேசியதே அதற்குக் காரணம். ஷ்டைகர் கற்பனை மாந்தர் அல்லர். சூரிக் பல்கலைக்கழகத்தில் செருமன் இலக்கியப் பேராசிரியராக விளங்கியவர். ஊரார் அனைவரும் பேராசிரியரிடம் சென்றுவிட, கதையோ வெறுமையான அரங்கிலிருந்து எழுந்து நடக்கத் தொடங்குகின்றது.

அவ்வெழுத்தாளரை மறுநாள் தம் காரில் சூரிக்குக்கு அழைத்துச் செல்பவர் டாக்டர் எச். என்பார், சூரிக் மாநிலப் போலீசின் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். வழியில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் கார் நிற்கின்றது. மழிக்கப்படாத முகத்தோடும் அழுக்கேறிய உடையோடும், குடியின் நாற்றம் வீசக் கிழவர் ஒருவர் அங்கு அமர்ந்திருக்கின்றார். அவன் வருவான், தாம் காத்திருப்பதாக ஏதோ முணுமுணுக்கின்றார். அவரே மத்தேயி, எச்.-இன் கீழ்ப் பணியாற்றியவருள் தலைசிறந்த துப்பறிவாளர். அம்மனிதர் இந்நிலையை அடைந்த வரலாற்றை எச். சொல்லச் சொல்ல எழுத்தாளர் கேட்பதாக நாவல் அமைகின்றது. நாம் படிப்பது முழுதும் எச். என்பவரின் வாய்மொழி என்பதை இங்கே குறித்துக் கொள்ளல் வேண்டும். இக்கட்டுரையின் வழக்கு அதன்மேலேயே நிற்கின்றது.

கதையைச் சுருங்கச் சொல்வாம். சூரிக் அருகே மேகன்டார்ப் என்னும் சிற்றூரில் கிரிட்லி மோசர் என்னும் சிறுமி காட்டில் கொலையுண்டு கிடக்கின்றாள். உடலைக் கண்டு தெரிவித்தவன் ஃபான் குன்டன் என்னும் தலைச்சுமை வணிகன். அவன் முன்னொருகால் பாலியற் குற்றத்திற்காகத் தண்டனை பெற்றவன். ஆதலின் ஐயம் அவன்மேலேயே விழுகின்றது. அவனைத் தம்மிடம் ஒப்படைக்குமாறு சினந்தெழுந்த ஊராரிடமிருந்து மத்தேயி தம் சொல்வன்மை ஒன்றாலேயே அவனை மீட்கின்றார். ஆனால் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டபின் 20 மணி நேரத்திற்கு மேலாக நடந்த விசாரணையில் அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டு, சிறையறையில் தூக்கிட்டு இறக்கின்றான். போலீசார்க்கு வழக்கு முடிந்தது. மத்தேயிக்கு முடியவில்லை. ஜோர்டான் நாட்டுக் காவல்துறையைச் சீரமைக்கும் பணிக்காக விமானம் ஏற நின்றவர், நிலையத்தில் குழந்தைகளைக் கண்டு திரும்பிவிடுகின்றார். முன்னரே செயின்ட் காலன், ஷ்விட்ஸ் ஆகிய மாநிலங்களிலும் இவ்வாறே சிறுமியர் கொல்லப்பட்டிருந்தனர். மூன்றும் ஒருவன் செயலே என்பது அவர் துணிபு.

மத்தேயியின் ஆராய்ச்சி முறை போற்றத்தக்கது. இறப்பதற்குச் சில நாள் முன் கிரிட்லி பள்ளியில் வரைந்த படம் அவர்க்குக் கிடைக்கின்றது. ஓங்கி உயர்ந்த மனிதன் ஒருவன், முள்ளம்பன்றிகள், ஒரு கார், கொம்புடைய விலங்கு ஒன்று ஆகியன அதில் உள. குழந்தையின் வீண் கற்பனை என்று பிறர் ஒதுக்கிய அப்படத்தை அவர் சான்றாகக் கொள்கின்றார். கொம்புடைய விலங்கு, கிரவுபுண்டன் மாநிலத்துக் கார்களின் எண்பலகையில் காணப்படும் மலையாடு. முள்ளம்பன்றி, சொரசொரப்பான மேற்புறமுடைய ஒருவகைச் சாக்கலேட்டு உருண்டை. ஆகவே கொலைஞன் கிரவுபுண்டனிலிருந்து சூரிக்குக்குக் காரில் சென்று வருபவன். அவ்விரண்டையும் இணைக்கும் நெடுஞ்சாலையில் ஒரு பெட்ரோல் நிலையத்தை விலைக்கு வாங்கி மத்தேயி அமர்கின்றார். மீன் பிடிப்போர்க்கு இடமும் இரையும் இன்றியமையாதன. இடம் கிடைத்துவிட்டது. இரை?

ஹெல்லர் என்னும் பெண்ணை வீட்டுப் பணிக்கு அமர்த்துகின்றார். இழிதொழிலால் வாழ்ந்து ஊராரால் புறக்கணிக்கப்பட்டவள் அவள். அவளுக்கு அன்னமாரி என்றொரு மகள். அச்சிறுமி கிரிட்லியை ஒத்த தோற்றம் உடையவள். அவளை முன்னிட்டே தாய்க்குப் பணி கிடைத்தது. தாயோ தமக்கும் ஒரு நல்வாழ்வு வாய்த்தது என மகிழ்ந்திருக்கின்றாள்.

ஒருநாள் அன்னமாரியின் கையில் சாக்கலேட்டு உருண்டைகள் இருத்தலை மத்தேயி காண்கின்றார். அவர் கணக்கு பிழைக்கவில்லை. எச்.-உம் பிற அதிகாரிகளும் காட்டில் மறைந்து நாட்கணக்கில் காத்திருக்கின்றனர். சிறுமியும் தன் மாயக்காரனுக்காகக் காத்திருக்கின்றாள். எவனும் வரவில்லை. பொறுமை இழந்த அதிகாரிகள் மறைவிலிருந்து வெளிப்பட்டுக் குழந்தையைச் சூழ்ந்து, அதட்டி, அடிக்கவும் செய்கின்றனர். அப்போதுதான் தாய்க்கு உண்மை விளங்குகின்றது.

கொலைஞன் வராமைக்குக் காரணம் பல்லாண்டு கழித்து வெளிப்படுகின்றது. இறக்கும் தறுவாயில் இருந்த ஷ்ராட் என்னும் செல்வ மூதாட்டி, மருத்துவமனையில் எச்.-ஐ வருவித்து, அங்குமிங்கும் கதை பேசி, இடையே தன் இளம் கணவன் ஆல்பர்ட்டே சிறுமியரைக் கொன்றவன் எனச் சொல்கின்றாள். இன்னொரு சிறுமியைக் கொல்லப் புறப்பட்ட அன்று அவன் வழியிலேயே கார் விபத்தில் இறந்துவிட்டான்.

நூலின் துணைத்தலைப்பு துப்பறியும் நாவலுக்குரிய ‘ரெக்வியம்’ என்பதாகும். அஃது இறந்தார்க்காகக் கத்தோலிக்கர் நிகழ்த்தும் வழிபாடு. இரங்கற்பா என அதனை மொழிபெயர்த்தல் போதும் எனினும் கையறுநிலை என்பதே நமக்கு உவப்பாக உள்ளது. ரெக்வியம் இறந்தாரின் அமைதியை வேண்டுவது. கையறுநிலையோ இறந்தாரை நினைந்து, இருப்பார் செயலற்று நிற்கும் நிலையைப் பாடுவது. இந்நாவலில் அமைதி எவர்க்கும் வேண்டப்படவில்லை. செயலற்று நிற்றலே உளது.

இனி வழக்கிற்கு வருவோம். துப்பறியும் கதை எழுதுவோரை எச். கடிந்துரைக்கின்றார். அவர்கள் உலகைச் சதுரங்கப் பலகையாக்குகின்றனர். காய்களையும் விதிகளையும் அறிந்தவன் வென்றே தீர்வான் என்கின்றனர். தற்செயல் நிகழ்ச்சிக்கு இடமே வைப்பதில்லை என்பது அவர் குற்றச்சாட்டு. இதுவே நூலின் கருத்து எனக் கொள்ளுதல் பெருவழக்கு. டியூரன்மாட்டின் பிற எழுத்துகளும் அதற்கு அரணாகின்றன. 1962-இல் வெளிவந்த ‘இயற்பியலாளர்’ நாடகத்திற்கு அவர் எழுதிய 21 குறிப்புகளுள், திட்டமிட்டு நடப்போரையே தற்செயல் மிகுதியாகத் தாக்கும் என்னும் கருத்து காணப்படுகின்றது. நூல் பிறந்த வரலாறும் அவ்வாறே. சிறுமியர்க்கு நேரும் தீங்கைப் பற்றிப் பெற்றோரை எச்சரிக்கும் திரைப்படம் ஒன்றிற்குக் கதை வேண்டுமெனக் கேட்கப்பட்டு டியூரன்மாட் எழுதியதே இதன் முதல் வடிவம். லாடிஸ்லாவோ வஜ்தா இயக்க, ஹைன்ஸ் ரூமான் மத்தேயியாகவும் கெர்ட் ஃப்ரோபே ஷ்ராட்டாகவும் நடித்த அப்படம் 1958-இல் வெளிவந்தது. அதில் மத்தேயி வெல்கின்றார். அம்முடிவு ஆசிரியர்க்கு நிறைவளிக்கவில்லை. நாவலில் கொலைஞனை விபத்திற்கு இரையாக்கினார். 2001-இல் இதே கதையைச் ஷான் பென் அமெரிக்க நெவாடா மாநிலத்திற்கு மாற்றிப் படமாக்கியபோது நாவலின் முடிவையே ஏற்றுக்கொண்டார்.

இவையனைத்தும் உண்மையே. எனினும் தற்செயலே நூலின் கருத்து என்று முடித்துவிடுதல், எச். என்பவரின் வாக்குமூலத்தைத் தீர்ப்பாக எழுதிக் கொள்வதாகும் என்பது நம் கருத்து. தற்செயலைப் பழிப்பவர் யார்? ஃபான் குன்டனை 20 மணி நேரத்திற்கு மேல் உறக்கமின்றி வினவிய காவல்துறையின் தலைவர். அவன் ஒப்புதலை ஏற்று வழக்கை மூடியவர். காட்டில் அன்னமாரியை அடித்தோர் நடுவே நின்றவர். இவை மூன்றனுள் எதுவும் தற்செயல் அன்று. மூன்றும் மனிதர் அறிந்து செய்தவை. தம் குறைகளை எச். இடையிடையே ஒப்புக்கொள்கின்றார் என்பதை மறுக்க வேண்டுவதில்லை. ஆயினும் உலகம் கணக்கிற்கு அடங்காதது என்னும் பெருந்தத்துவத்தின் நிழலில் அவ்வொப்புதல்கள் மிகச் சிறியனவாகத் தோன்றுமாறு அவர் பேச்சு அமைகின்றது. தாம் உடனில்லாத நிகழ்ச்சிகளையும் நேரில் கண்டார் போல விரித்துரைப்பவர் அவர். முடிவை மாற்றிக் கொள்ளலாம், மத்தேயி வெல்வதாக எழுதலாம் என எழுத்தாளர்க்கு ஏளனமாக வழியும் காட்டுகின்றார். எவ்வாறு வேண்டினும் அமைக்கலாம் என்று கதையை அறிந்தவரின் வாய்மொழியை நாம் சற்று விலகி நின்றே கேட்டல் தகும்.

வாக்குறுதி பிறந்த இடத்தையும் நோக்குக. இறந்த மகளின் தாய், கொலைஞனைக் கண்டுபிடிப்பதாக ஆன்ம ஈடேற்றத்தின் மேல் ஆணையிடுமாறு வேண்டுகின்றாள். மத்தேயி ஆணையிடுகின்றார். அறவுணர்ச்சி பொங்கி அவர் அதனைச் சொல்லவில்லை. அவ்விடத்தை விட்டு நீங்கினாற் போதும் என்னும் தவிப்பிலேயே சொல்கின்றார். தாயின் துயரைத் தாங்க மாட்டாத ஒருவர் வாயினின்று தப்பி வந்த சொல் அது. குடியும் புகையும் அறியாத, உணர்ச்சி காட்டாத, நண்பரற்ற மனிதர்க்கு அச்சொல்லே பின்னர் உயிராகிவிடுகின்றது. ஒரு தாய்க்குத் தந்த சொல்லைக் காக்க, இன்னொரு தாயின் மகளை இரையாக வைக்கின்றார். நாவலின் அவலம் இங்கேதான் உளது. விபத்து நிகழாது கொலைஞன் அன்று வந்து அகப்பட்டிருந்தால் மத்தேயி பெரும்புகழ் பெற்றிருப்பார். அன்னமாரியோ அப்போதும் இரையாகவே வைக்கப்பட்டிருப்பாள். வெற்றி அச்செயலின் தன்மையை மாற்றாது. நம் கண்ணுக்கு மறைத்திருக்கும், அவ்வளவே. ஆசிரியர் வெற்றியை நீக்கியதனால், துப்பறியும் கதைகளில் வெற்றியின் ஒளியில் நாம் காணாது விடுவது இங்கே வெளிப்பட்டு நிற்கின்றது.

இதனை ஊழ் எனக் கொள்ளலாமா என்று நம் மாணவர் ஒருவர் வினவினார். கொள்ளல் இயலாது என்றே கருதுகின்றோம். சிலம்பில் கோவலன் கொலையுண்டமைக்கு முற்பிறவிக் காரணத்தை மதுராபதித் தெய்வம் எடுத்துரைக்கின்றது. நமக்கு அஃது உடன்பாடோ அன்றோ, அங்கே வினைக்கும் பயனுக்கும் இடையே ஒரு கணக்கு உளது. ஷ்ராட்டின் விபத்தில் அத்தகைய கணக்கு எதுவும் இல்லை. காரணத்தை உரைக்க வருவது தெய்வமும் அன்று. தன் கணவனைப் பற்றி வாஞ்சையுடன் வளவளவென்று பேசும் கிழவி. அவள் பேச்சின் நகைச்சுவை நம்மை நடுங்க வைக்கின்றது. மூன்று கொலைகளை அறிந்தும் வாளாவிருந்தவள் அவள். அவள் மௌனத்தையும் தற்செயல் என்னலாகாது.

நாவலில் நமக்குக் குறையாகத் தோன்றுவது ஒன்று உண்டு. ஹெல்லருக்கும் அன்னமாரிக்கும் ஆசிரியர் உரிய அளவு பேச்சு தரவில்லை. எச். சொல்லும் கதையாதலின் அவர் காணாதது நமக்கும் கிட்டாது என விடை கூறலாம். அவ்விடை முழுநிறைவு தருவதன்று. எனினும் நூலை முடித்தபின் முதற் பக்கங்களுக்குத் திரும்புவோர் ஒன்றைக் காண்பர். பெட்ரோல் நிலையத்தில் எழுத்தாளர்க்கும் எச்.-க்கும் பணி செய்த பெண் ஒருத்தி அங்கே இருந்தாள். பார்வைக்கு 30 வயது மதிக்கத் தக்கவள். உண்மையில் 16 வயதே ஆனவள். அவளே அன்னமாரி. மத்தேயியை எழுத்தாளர் வியந்து நோக்கிய அவ்வேளையில் நாமும் அவளைக் கடந்து சென்றுவிட்டோம்.