அரசியின் மௌனமும் அன்னையின் நினைவும்

ஷேக்ஸ்பியரும் ஜான் ஃபிளெட்சரும் சேர்ந்து இயற்றிய 'எட்டாம் ஹென்றி' நாடகம், ஒரு பெண் குழந்தையின் ஞானஸ்நான விழாவோடு நிறைவுறுகிறது. பேராயர் கிரான்மர் அக்குழந்தையால் நாடு பெறப்போகும் நலன்களை முன்னறிவிக்கிறார். மன்னன் மனம் பூரிக்கிறான். எல்லோரும் அரசியைச் சென்று காணவேண்டும் என்று கூறிப் பிரபுக்களை அழைத்துச் செல்கிறான். அந்த அரசி ஆன் போலின், அக்குழந்தை எலிசபெத். விழா நடந்தது 1533 செப்டம்பரில். மூன்றாண்டு நிறைவதற்குள், 1536 மே 19-ஆம் நாள், அதே மன்னனின் ஆணைப்படி அந்த அரசியின் தலை லண்டன் கோட்டைக்குள் வாளால் வெட்டப்பட்டது. நாடகத்தில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தள்ளிவைக்கப்பட்ட முதல் மனைவி கேத்தரினுக்கு உருக்கமான மரணக் காட்சியை அமைத்த புலவர்கள், இரண்டாம் மனைவியின் முடிவைத் தொடாமலே விட்டுவிட்டனர்.

இந்நாடகம் அரங்கேறிய 1613-இல் எலிசபெத் அரசியார் மறைந்து பத்தாண்டுகள் கழிந்திருந்தன. ஆகவே இம்மௌனத்தை அரசியாரிடம் கொண்ட அச்சம் என்று மட்டும் தள்ளிவிட முடியாது. நாற்பத்துநான்கு ஆண்டுகள் அரியணையில் வீற்றிருந்து அரசியாரே கடைப்பிடித்த மௌனம் இது. தந்தையின் பெயரை அவையில் பன்முறை பெருமையோடு எடுத்தாண்ட அவர், தாயைப் பற்றிப் பேசியது மிகமிக அரிது.

இம்மௌனத்திற்குப் பொருள் கூறுவோர் இருசாராராகப் பிரிகின்றனர். இரண்டரை வயதில் தாயை இழந்தவர் தாயை நினைத்திருக்க முடியாது. அவமானத்தால் மறைத்தார் என்பர் ஒருசாரார். ஆழ்ந்த அன்பை நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்தார் என்பர் மறுசாரார். டிரேசி போர்மன் 2023-இல் இத்தாயையும் மகளையும் பற்றி ஒரு தனி நூலே எழுதினார். இரண்டாம் சாராரின் பக்கம் இன்று வலுத்து வருகிறது. நாமும் அப்பக்கமே சாய்கிறோம். ஆயினும் அவர்களுள் பலர் முதன்மையாக எடுத்து வைக்கும் சான்றை நாம் முதன்மையாக ஏற்பதற்கில்லை. காரணத்தை விளக்குவோம்.

சான்றுகளின் தரம்

ஹதீஸ் கலை பயில்வோர் ஒரு செய்தியின் இனிமையை முதலில் பார்ப்பதில்லை. அறிவித்தவர் யார், நேரில் கண்டவரா, அவருக்கு அதில் ஆதாயம் உண்டா, தொடர் அறுபடாமல் வந்துள்ளதா என்பவற்றையே ஆராய்கின்றனர். செய்தி கொண்டுவருபவன் நம்பத்தகாதவனாயின் தீர விசாரிக்குமாறு திருக்குர்ஆனின் அல்ஹுஜுராத் அத்தியாயம் கட்டளையிடுகிறது. இவ்வளவுகோல் சமய நூல்களுக்கு மட்டும் உரியதன்று. வரலாற்றைத் திறனாய்வோர் யாவருக்கும் உதவக்கூடியது.

முதலில் அன்னையின் வழக்கையே நோக்குவோம். கற்புநெறி பிறழ்ந்தார் என்பதே ஆன் போலின் மீது சாட்டப்பட்ட பெருங்குற்றம். உடன்பிறந்த சகோதரரையும் சேர்த்து ஐவர் அவரோடு தொடர்புபடுத்தப்பட்டனர். குற்றப்பத்திரிகை குறிப்பிட்ட சில நாட்களில், குறிப்பிட்ட இடங்களில் அரசி இருக்கவே இல்லை. ஐவருள் இசைவாணர் மார்க் ஸ்மீட்டன் ஒருவர் மட்டுமே ஒப்புதல் அளித்தார். பேரரசரின் தூதராக லண்டனில் இருந்த யூஸ்டாஸ் ஷாப்வீ, ஆன் போலினை மனமார வெறுத்தவர். அவரே, மற்றவர்கள் தக்க ஆதாரமும் ஒப்புதலும் இன்றி ஊகத்தின் மீதே தண்டிக்கப்பட்டனர் என்று எழுதினார். பகைவரும் ஒத்துக்கொள்வதே மேலான சான்று என்பது அரபியரின் கருத்து. கற்புடைய மகளிர் மீது பழி சுமத்தி நான்கு சாட்சிகளைக் கொண்டுவராதவர்க்கு எண்பது கசையடி விதிக்கும் அந்நூர் அத்தியாயத்தை ஓதியவர்களுக்கு, இவ்வழக்கின் தன்மை விளங்காமற் போகாது.

இன்னொரு முரணும் உண்டு. தலை வெட்டப்படுவதற்கு இரண்டு நாள் முன்னர், மே 17-இல், அத்திருமணமே செல்லாது என்று தீர்ப்பளிக்கப்பட்டது. நாடகத்தில் குழந்தைக்கு வாழ்த்துரைக்கும் அதே கிரான்மர்தாம் தீர்ப்பளித்தவர். திருமணமே இல்லையெனில் மனைவி கணவனுக்குத் துரோகம் செய்தாள் என்ற குற்றம் எங்ஙனம் நிற்கும்? இம்முரணைக் கேட்பாரில்லை. குழந்தை எலிசபெத் முறையற்ற பிறப்பினள் எனச் சட்டம் இயற்றப்பட்டது. சில வாரங்களில், குழந்தைக்கு உடுத்தப் போதிய ஆடையில்லை என்று செவிலித்தாய் பிரையன் சீமாட்டி, அமைச்சர் கிராம்வெல்லுக்குக் கடிதம் எழுத நேர்ந்தது.

மோதிரமும் மனிதர்களும்

இனி மகளின் அன்புக்குக் காட்டப்படும் சான்றுகளுக்கு வருவோம். அவற்றுள் புகழ்பெற்றது, பிரிட்டிஷ் பிரதமரின் நாட்டுப்புற மாளிகையான செக்கர்ஸில் உள்ள மோதிரம். ஏறத்தாழ 1575-ஐச் சேர்ந்த அது, மூடி திறந்தால் இரு சிறு உருவங்களைக் காட்டும். ஒன்று எலிசபெத். மற்றது ஆன் போலின் என்பது பெருவழக்கு. மாற்றாந்தாய் கேத்தரின் பார் என்பாரும் உளர். பெயர் எதுவும் பொறிக்கப்படவில்லை. உள்ளத்தை உருக்கும் பொருள்தான். ஆயினும் நம் கலையின் மொழியில் சொன்னால் இது 'ளயீஃப்', பலவீனமான சான்று. தனித்து நின்று எதையும் நிறுவாது.

இரண்டாவது, ஸ்காட்லாந்து நாட்டு இறையியல் அறிஞர் அலெக்சாண்டர் அலேசியஸ் 1559-இல் அரசியாருக்கு வரைந்த மடல். கைது நிகழ்வதற்குச் சற்று முன்னர், கிரீனிச் அரண்மனையில், சாளரத்தில் நின்ற மன்னனிடம் ஆன் போலின் குழந்தையைக் கையில் ஏந்தி மன்றாடியதைத் தாம் கண்டதாக அதில் எழுதினார். நேரில் கண்டவர் என்பது இதன் வலிமை. இருபத்துமூன்று ஆண்டு கழித்து, புதிதாக முடிசூடிய அரசியின் தயவை நாடக்கூடிய நிலையில் எழுதினார் என்பது இதன் குறை. நடுத்தரமான சான்று என வைப்போம்.

மூன்றாவதே நாம் முதன்மையாகக் கருதுவது. அது பொருளன்று, மனிதர்கள். மாத்யூ பார்க்கர், ஆன் போலினின் அரண்மனைக் குருவாக இருந்தவர். கைதாவதற்கு ஆறு நாளுக்குள், தம் மகளைப் பற்றிய பொறுப்பை அரசி அவரிடம் ஒப்புவித்தார். 1559-இல் எலிசபெத் அவரைக் கேன்டர்பரியின் பேராயராக்கினார். பார்க்கர் அப்பதவியை விரும்பியவரல்லர், தவிர்க்கவே முயன்றார். அன்னைக்கு அவ்வளவு கடமைப்பட்டிராவிட்டால் மகளின் பணிக்கு இசைந்திருக்கமாட்டேன் என்ற கருத்தைக் கடிதத்தில் பதிந்துள்ளார். ஆதாயம் நாடாத, சுமையை எண்ணி வருந்துகின்ற ஒருவரின் வாக்குமூலம் இது. எனவே வலுவுடையது.

அன்னையின் தமக்கை அல்லது தங்கையான மேரி போலினின் மக்கள் இருவர். மகன் ஹென்றி கேரி, முடிசூட்டு விழாவையொட்டி ஹன்ஸ்டன் பிரபுவாக உயர்த்தப்பட்டார். மகள் கேத்தரின், அரசியாரின் அந்தரங்கப் பணிமகளிருள் முதன்மையானவர்; 1569-இல் அவர் இறந்தபோது வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். இவர்களோடு ஒரு பறவையையும் சேர்க்கலாம். முடியணிந்து செங்கோல் ஏந்திய வல்லூறு ஆன் போலினின் சின்னம். இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள எலிசபெத்தின் இசைக்கருவியில், அரச இலச்சினையோடு அவ்வல்லூறும் வரையப்பட்டிருக்கிறது. வெட்டுண்ட தாயின் சின்னத்தை மகள் தம் விரல்கள் பழகும் இடத்தில் வைத்திருந்தார்.

தந்தை மறைந்தபின் அவருடைய நேசர்களோடு உறவைப் பேணுதல் உயர்ந்த நன்மை என்னும் நபிமொழியை, இப்னு உமர் (ரலி) அவர்கள் வாயிலாக இமாம் முஸ்லிம் பதிவு செய்துள்ளார்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்களே, அன்னை கதீஜா (ரலி) அவர்கள் மறைந்தபின்னும் அவர்களுடைய தோழியர்க்கு இறைச்சி அனுப்பி வந்தார்கள். இறந்தவரை நேசிப்பது என்பது, அவர் நேசித்தவர்களை நேசிப்பதாகும். இவ்வளவுகோலை அறியாத நாட்டில், வேறு சமயத்தில் பிறந்த அரசி ஒருவர் இதையே செய்திருக்கிறார். மனித இயல்பு ஒன்றே என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

இரு ஆட்சேபங்கள்

தாய்வழி உறவினர்க்கு அரியணையில் உரிமை இல்லை. ஆகவே அவர்களை உயர்த்துவதில் ஆபத்தில்லை. இது அன்பன்று, அரசியல் என ஒருவர் கூறலாம். அரசியல் இருந்தது உண்மையே. ஆனால் ஆபத்தில்லாதவர் அரண்மனையில் ஆயிரம்பேர் இருந்தனர். அத்தனை பேருள் அன்னையின் குருதியையும் அன்னையின் குருவையும் தேர்ந்ததற்கு அரசியல் மட்டும் விடையாகாது.

அன்னைக்கு ஏன் ஒரு கல்லறை எழுப்பவில்லை என்பது மற்றோர் ஆட்சேபம். ஆன் போலினின் உடல் கோட்டைக்குள் இருக்கும் புனித பேதுரு சிற்றாலயத்தின் தளத்தடியிலேயே கிடந்தது. 1876-இல் தளத்தைப் புதுப்பித்தபோதுதான் அவருடையவை எனக் கருதப்பட்ட எலும்புகள் வெளிப்பட்டன. இவ்வாட்சேபம் வலுவானதுபோல் தோன்றும். ஆனால் வின்ட்சரில் தொடங்கப்பட்ட தந்தையின் கல்லறையையும் எலிசபெத் முடித்துவைக்கவில்லை. தந்தையிடம் பற்றில்லை என்று எவரும் கூறுவதில்லையே! மறுபுறம் ஸ்காட்லாந்து மன்னர் ஜேம்ஸைப் பாருங்கள். 1587-இல் எலிசபெத்தின் கையொப்பத்தோடு அவருடைய தாய் மேரி ஸ்டூவர்ட் தலை வெட்டப்பட்டபோது, கண்டனத்தோடு அவர் அமைந்துவிட்டார். 1612-இல் அத்தாயின் உடலை வெஸ்ட்மின்ஸ்டருக்குக் கொணர்ந்து பளிங்கில் மாளிகை போன்றதொரு கல்லறை சமைத்தார். கல்லின் உயரத்தைக் கொண்டு அன்பை அளப்போர் இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கட்டும்.

மௌனத்தின் காரணம்

எனில், வாய் திறந்து ஏன் பேசவில்லை? விடை சட்டத்தில் இருக்கிறது என்பது நம் முடிபு. சகோதரி மேரி 1553-இல் ஆட்சிக்கு வந்தவுடன், தம் தாயின் திருமணம் செல்லும் எனப் பாராளுமன்றத்தில் சட்டம் செய்தார். எலிசபெத் அவ்வழியில் செல்லவில்லை. 1559-இல், தம்மை அன்னை ஆன் அரசியின் இரத்த வாரிசாக மீட்கும் சட்டம் ஒன்றை மட்டும் நிறைவேற்றினார். அன்னை குற்றமற்றவர் என்றோ, திருமணம் செல்லும் என்றோ அது கூறவில்லை. அவருக்கு அரியணையைத் தந்தது 1544-இல் தந்தை செய்த வாரிசுச் சட்டம். தாயின் வழக்கை மீண்டும் எழுப்பினால் தந்தையைக் கொடுங்கோலர் என்று கூறவேண்டும்; தந்தையைக் காத்தால் தாயைப் பழிக்கவேண்டும். தம் உரிமை வந்த ஊற்றும் தம் தாயைக் கொன்ற கையும் ஒன்றே என்னும் நிலையில், ஒரு மகள் எதைப் பேசுவாள்?

தாம் பேசாததைப் பிறர் பேச அவர் தடுக்கவில்லை. 1559 ஜனவரி 14-இல் முடிசூட்டு ஊர்வலம் கிரேஸ்சர்ச் தெருவை அடைந்தபோது, நகரத்தார் அமைத்திருந்த அலங்கார மேடையில் எட்டாம் ஹென்றியின் அருகே ஆன் போலினின் உருவம் அமர்ந்திருந்தது. மேல்தட்டில் எலிசபெத். இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் அன்னை பொதுமக்கள் நடுவே அரசியாகக் காட்சியளித்தார்.

இந்நிலையை உணராமல் இருதிறத்தாரும் எல்லை மீறினர். நிக்கலஸ் சாண்டர் என்னும் எதிர்ச்சமயத்தவரின் நூல் 1585-இல் வெளிவந்து, ஆன் போலினுக்கு ஆறு விரல் என்றும், அவர் ஹென்றிக்கே பிறந்த மகள் என்றும் பழி தூற்றிற்று. ஆன் இறந்தபோது சாண்டர் சிறுவர். அறிவிப்பாளர் தொடரே அறுந்த செய்தி. இன்றைய நாவலாசிரியர்களோ, எலிசபெத் இரவெல்லாம் மோதிரத்தைத் திறந்து கண்ணீர் வடித்ததாக எழுதத் தயங்கார். முன்னது அவதூறு, பின்னது அலங்காரம். அவதூறு பாவம் என்பதை நாம் அறிவோம். அன்பினால் சேர்க்கும் பொய்யும் பொய்யே என்பதை நம் சரித்திர நூலாசிரியர்களும் நினைவிற் கொள்ளவேண்டும். பெரியோர்களைப் பற்றி எழுதும்போது நம்மிடையேயும் இக்குறை இல்லாமலில்லை.

மீண்டும் நாடகத்திற்கு வருவோம். 1594-இல் ஷேக்ஸ்பியர் சேர்ந்திருந்த குழுவிற்குப் புரவலராக நின்றவர், அரசவை அதிகாரியான ஹன்ஸ்டன் பிரபு. அதாவது ஆன் போலினின் உடன்பிறந்தாள் மகன். அக்குழுவே பின்னர் மன்னரின் குழு எனப் பெயர் பெற்று இந்நாடகத்தை அரங்கேற்றிற்று. அன்னையின் குடும்பம் ஊட்டி வளர்த்த அரங்கில்தான் அன்னையின் முடிவு சொல்லப்படாமல் நின்றது. அதனைப் புலவர்களின் கோழைத்தனம் என்று நாம் எழுதமாட்டோம். வெட்டுப்பாறையைக் காட்டாமல், அரசியைச் சென்று காணுங்கள் என்ற மன்னனின் சொல்லோடு அவர்கள் நாடகத்தை நிறுத்தினர். அன்று அரங்கில் அமர்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் எஞ்சிய கதை தெரிந்தே இருந்தது.