குறுகிய ஆயுளின் முழுமை: கீ பிச்சோட்டோவின் தொடக்கக் குழுக்கள்

இண்டி ராக் கேட்பவர்களிடம் கீ பிச்சோட்டோ என்று சொன்னால் ஃபுகாஸி என்று பதில் வரும். வாஷிங்டனில் 1987இல் தொடங்கி 2002 வரை மேடையேறிய அந்தக் குழு, பெரிய இசை நிறுவனங்களின் வாசலுக்குப் போகாமலும் நுழைவுக் கட்டணத்தை ஐந்து டாலரை ஒட்டியே வைத்தும் உலகம் சுற்றியது. அதற்கு முன் பிச்சோட்டோ ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங், ஒன் லாஸ்ட் விஷ், ஹேப்பி கோ லிக்கி என்ற மூன்று குழுக்களில் இருந்தார். மூன்றின் ஆயுளையும் கூட்டினாலும் நான்கு ஆண்டுகளைத் தாண்டாது. மார்க் ஆண்டர்சனும் மார்க் ஜென்கின்சும் 2001இல் வெளியிட்ட ‘டான்ஸ் ஆஃப் டேஸ்’ போன்ற நகர வரலாறுகளை விட்டுவிட்டால், இக்குழுக்களுக்குக் கிடைத்துவரும் விளக்கம் பெரும்பாலும் இரண்டுதான்: பின்னால் வரவிருந்த பெரிய குழுவுக்கு இவை பயிற்சிக்களம், அல்லது எமோ என்னும் இசைவகைக்கு இவை பிறப்பிடம். இரண்டுமே இவற்றைப் பிற்பாடு நடந்ததை வைத்து அளக்கின்றன. நாற்பது ஆண்டுகள் கழித்தும் புதியவர்கள் இந்தப் பதிவுகளைத் தேடி வருவதற்குக் காரணம் பதிவுகளுக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு குழுவும் இசையில் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அதன் எல்லை வரை போய், அங்கேயே நின்றுவிட்டது. நீட்டிக்கப்படாத அந்த முழுமைதான் இவற்றை மங்கவிடாமல் வைத்திருக்கிறது.

இந்த இசை பிறந்த சூழலைச் சொல்லாமல் இது புரியாது. இயன் மக்கையும் நண்பர்களும் 1980இல் டீன் ஐடில்ஸ் குழுவின் இசைத்தட்டை வெளியிடுவதற்காகத் தொடங்கிய டிஸ்கார்ட் நிறுவனம், மைனர் த்ரெட் போன்ற குழுக்கள் வழியாக வாஷிங்டனை ஹார்ட்கோர் பங்க்கின் தலைநகரங்களில் ஒன்றாக ஆக்கியிருந்தது. நிமிட நேரப் பாடல், மூச்சுவிடாத வேகம், முழக்கம் போன்ற வரிகள் என்று அந்த இசைக்கு விரைவிலேயே ஒரு அச்சு உருவாகிவிட்டது. 1983இல் மைனர் த்ரெட் கலைந்தது. கச்சேரிகளில் அடிதடி பெருகியது. மேடைக்கு முன்னால் நின்றவர்களில் பலர் இசைக்காக வந்தவர்களாக இல்லை. அந்த நேரத்தில்தான், இன்சரெக்‌ஷன் என்ற பள்ளிக்காலக் குழுவில் சேர்ந்து வாசித்த பிச்சோட்டோ, டிரம்ஸ் வாசித்த பிரெண்டன் கான்டி, பேஸ் கிதார் வாசித்த மைக் ஃபெலோஸ் ஆகிய மூவரும், தி ஃபெயித் குழுவில் இருந்த எடி ஜேனியும் சேர்ந்து 1984இல் ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்கைத் தொடங்கினார்கள். 1913இல் பாரிஸ் அரங்கில் அமளியை எழுப்பிய ஸ்ட்ராவின்ஸ்கியின் பாலே இசையிலிருந்து பெயரை எடுத்தார்கள். ஹார்ட்கோரின் வேகத்தையும் உரத்த குரலையும் கைவிடாமல், சினம் ஒன்றைத் தவிர வேறெதையும் பேசாத அதன் வறுமையை உடைக்க முடியுமா என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி.

1985 பிப்ரவரியில் டான் சியென்டாராவின் இன்னர் இயர் ஸ்டூடியோவில், மக்கையின் தயாரிப்பில் பதிவாகி அந்தக் கோடையில் வெளிவந்த ஆல்பம் இதற்கு விடை சொல்கிறது. பதிவின்போது பிச்சோட்டோவுக்கு வயது 19. பாடுவதும் கிதாரும் அவர் பொறுப்பு. பாடல்களின் வேகம் பெரும்பாலும் பழையதுதான். ஆனால் அதற்குள் நடப்பது வேறு. ஜேனியின் கிதார், தடித்த பவர் கார்டுகளை மட்டும் நம்பாமல், மெல்லிய மணியொலிகளாகவும் ஃபீட்பேக் இரைச்சலாகவும் மாறி மாறி வருகிறது. ஃபெலோஸின் பேஸ் தனி ராகம் போல மேலெழுந்து நடக்கிறது. கான்டி தாளத்தைத் திடீரென்று பாதியாகக் குறைத்துப் பாடலுக்கு மூச்சுவிட இடம் தருகிறார். ‘டிரிங்க் டீப்’ வேகத்தையே துறந்துவிடுகிறது. கடைசிப் பாடலான ‘எண்ட் ஆன் எண்ட்’ ஏழு நிமிடங்களுக்கும் மேல் ஓடுகிறது. அன்றைய ஹார்ட்கோர் அளவுகோலில் அந்த நேரத்துக்குள் ஏழெட்டுப் பாடல்களை அடக்கிவிடலாம். பிச்சோட்டோவின் குரல் பல இடங்களில் சுருதியைத் தாண்டி உடைகிறது. அந்த உடைவு திறமைக் குறைவால் நேர்ந்ததென்றால் அது எங்கும் பரவலாக வந்திருக்கும். இங்கே பாடலின் அமைப்பு உச்சத்தைத் தொடும் இடங்களில்தான் வருகிறது. கேட்பவர் உணர்வது வெறும் கொந்தளிப்பை அல்ல, கட்டமைக்கப்பட்ட கொந்தளிப்பை. மேடையில் இசைக்கருவிகள் உடைவது வழக்கமாகிப்போன அந்தக் குழு மொத்தத்தில் பதினைந்து கச்சேரிகளை ஒட்டியே நடத்தியது. 1986 ஜனவரியில் நான்கு பாடல்களைப் பதிவுசெய்த கையோடு அது கலைந்தது.

இரண்டாவது குழு எடுத்துக்கொண்ட கேள்வி எதிர்த்திசையில் இருந்தது. அதே 1986இல், எம்பிரேஸ் குழுவில் மக்கையுடன் வாசித்த மைக்கேல் ஹாம்ப்டன், பிச்சோட்டோ, கான்டி, ஜேனி ஆகியோருடன் சேர ஒன் லாஸ்ட் விஷ் உருவானது. ஜேனி கிதாரை வைத்துவிட்டு பேஸுக்கு மாறினார். முந்தைய குழு வெடித்துச் சிதறிய இடத்தில் இந்தக் குழு நிதானமாக அடுக்குகிறது. ஹாம்ப்டனின் கிதாரில் மெல்லிசைக் கோடுகள் தெளிவாக இருக்கின்றன; பிச்சோட்டோவின் கிதார் அவற்றுக்கு எதிர்முனையில் நிற்கிறது. உணர்ச்சியின் அடர்த்தி குறையாமல் பாடல் என்னும் வடிவத்தை எவ்வளவு இறுக்கிக் கட்டலாம் என்று பார்த்த முயற்சி இது. நவம்பரில் முழு ஆல்பத்தையும் இன்னர் இயரில் பதிவுசெய்தார்கள். 1987இன் தொடக்கத்திலேயே குழு கலைந்தது. 1989இல் ஒரு நிதிதிரட்டுத் தொகுப்பில் ஒரு பாடல் வந்ததைத் தவிர, அந்த ஆல்பம் ‘1986’ என்ற தலைப்பில் வெளிவர 1999 வரை காத்திருந்தது.

மூன்றாவது குழுதான் இந்த வாதத்துக்கு வலுவான சான்று. 1987இல் பிச்சோட்டோ, ஜேனி, ஃபெலோஸ், கான்டி ஆகிய நால்வரும், அதாவது ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்கின் அதே நால்வரும், மறுபடி ஒன்றுகூடினார்கள். அவர்கள் பழைய பெயரை எடுக்கவில்லை. அந்தப் பெயருக்கு அதற்குள் ஊரில் நல்ல மதிப்பு இருந்தது. பழைய ஒலியையும் எடுக்கவில்லை. ஹேப்பி கோ லிக்கி என்ற பெயரில் அவர்கள் வாசித்தது, மேடையிலேயே உருவாகும் தன்னெழுச்சி இசை: முன்பே பதிந்த ஒலிநாடாத் துண்டுகள், ஒரே சுழற்சியில் நிற்கும் பேஸ், அதன்மேல் கீறல்களாக விழும் கிதார், பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவே அலையும் குரல். பாடல் என்னும் வடிவமே இல்லாமல் ஒரு குழு சேர்ந்து சிந்திக்க முடியுமா என்று கேட்ட இசை அது. ஸ்டூடியோ ஆல்பம் எதுவும் வரவில்லை. பிச்சோட்டோவின் பீட்டர்பில்ட் நிறுவனம் 1988இல் மேடைப் பதிவுகளை ஒரு தட்டாக வெளியிட்டது. 1997இல் வந்த ‘வில் பிளே’ தொகுப்பிலும் இருப்பவை கச்சேரிப் பதிவுகள்தான்.

இங்கே எழக்கூடிய முதல் ஆட்சேபம் நியாயமானது. இருபது வயதைச் சுற்றியிருக்கும் இளைஞர்களின் குழுக்கள் படிப்பு, பணம், மனத்தாங்கல் என ஆயிரம் காரணங்களால் கலையும். தற்செயலாக நேர்ந்ததைக் கொள்கையாக்குவது விமர்சகரின் கற்பனை ஆகாதா? ஒரே ஒரு குழு கலைந்திருந்தால் ஆகும்தான். ஆனால் ஏறக்குறைய அதே நபர்கள் இருமுறை பிரிந்து இருமுறை சேர்ந்திருக்கிறார்கள். சேரும்போதெல்லாம் கருவி மாறுகிறது, ஒலி மாறுகிறது, பெயர் மாறுகிறது. மனத்தாங்கல்தான் எல்லாம் என்றால் திரும்பச் சேர்ந்திருக்கத் தேவையில்லை. பெயரைக் காப்பாற்றுவதே நோக்கம் என்றால் மூன்றாவது முறை புதுப்பெயர் தேவையில்லை. திட்டமிட்டுக் கலைந்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. முடிந்த ஒன்றை நீட்டிப்பதைவிடப் புதிதாகத் தொடங்குவதே அவர்களுக்கு இயல்பாக இருந்தது என்பதே போதும்.

பயிற்சிக்களம் என்ற விளக்கமும் இதே சான்றின்முன் தளர்கிறது. பயிற்சி என்றால் அடுத்த கட்டத்தில் அது கூடிக்கொண்டு போக வேண்டும். பிச்சோட்டோவோ ஃபுகாஸியில் சேர்ந்தபோது கிதாரையே தூக்கவில்லை. குழுவின் முதல் இரண்டு சிறுதட்டுகளில் கிதார் முழுக்க, அதே குழுவில் இருந்த மக்கையுடையது. பிச்சோட்டோ பாடினார், ஆடினார், 1988இல் பிலடெல்ஃபியாவின் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் கூடைப்பந்து வளையத்தில் தலைகீழாகத் தொங்கியபடியே பாடினார். 1990இன் ‘ரிப்பீட்டர்’ ஆல்பத்தில்தான் அவர் கிதார் திரும்ப வருகிறது. அங்கே இரு கிதார்களும் ஒன்றையொன்று கேட்டுப் பதில் சொல்லும் முறையில் முந்தைய குழுக்களின் பாடம் இருக்கிறது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்கின் தறிகெட்ட அவசரமும் ஹேப்பி கோ லிக்கியின் வடிவமின்மையும் ஃபுகாஸியின் கட்டுப்பாட்டுக்குள் முழுதாக ஒருபோதும் நுழையவில்லை. அவற்றைக் கேட்க அந்தப் பழைய தட்டுகளுக்குத்தான் போக வேண்டும்.

எமோவின் மூதாதை என்ற பட்டத்தின் கதை வேறு. 1985, 86 வாக்கிலேயே ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங், எம்பிரேஸ் போன்ற குழுக்களுக்கு எமோகோர் என்ற முத்திரை விழுந்தது. மக்கை அதை மேடையிலிருந்தே கேலி செய்தார், பிச்சோட்டோவும் பின்னாளில் அந்த உறவை ஏற்கவில்லை. முத்திரையை மறுக்கும் உரிமை கலைஞருக்கு உண்டு. ஆனால் அந்த மறுப்பு வரலாற்றை முடித்துவைக்காது. தனிமனிதத் துயரத்தை உரத்த கிதாருக்கு நடுவே உடைந்த குரலில் பாடும் முறை 1990களில் பரவியதில் ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்கின் ஆல்பத்துக்குப் பங்கு உண்டு. கேள்வி அந்தப் பங்கு இருக்கிறதா என்பதல்ல, ஆல்பத்தின் ஈர்ப்பை அது விளக்குகிறதா என்பதே. பிற்காலக் குழுக்கள் பல அந்த உணர்ச்சியை எடுத்துக்கொண்டு, தாளத்தின் திடீர்த் திருப்பங்களையும் இரைச்சலின் முரட்டுத்தனத்தையும் விட்டுவிட்டன. எமோ வழியாக வந்து ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்கைக் கேட்பவருக்கு அது தெரிந்த இசையின் பழைய பிரதியாகத் தோன்றாமல் அந்நியமாக ஒலிப்பது இதனால்தான்.

தன் மனத்தையே நோண்டிக்கொண்டிருக்கும் நடுத்தர வர்க்கத்து ஆண்பிள்ளைகளின் இசை இது என்ற குற்றச்சாட்டில் உண்மை உண்டு. மேற்சொன்ன மூன்று குழுக்களிலும் ஒரு பெண் இல்லை. ஆனால் இக்குழுக்கள் இயங்கிய களம் அவ்வளவு குறுகியது இல்லை. ‘புரட்சிக் கோடை’ என்று அழைக்கப்பட்ட 1985ஆம் ஆண்டின் எழுச்சியைத் தொடங்கிவைத்தவை ஏமி பிக்கரிங் அனுப்பிய பெயரில்லாக் கடிதங்கள். அவர் பிறகு ஃபயர் பார்ட்டி என்ற பெண்கள் குழுவில் பாடினார். அதே கோடையில் வாஷிங்டன் பங்க் இளைஞர்கள் தென்னாப்பிரிக்கத் தூதரகத்தின்முன் தகரங்களைத் தட்டி நிறவெறிக்கு எதிராகப் போராடினார்கள். கூட்டத்தில் ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்வதே வீரம் என்றிருந்த அரங்கில் ஓர் ஆண் வெட்கமின்றிக் கலங்கி நிற்பதற்கும் அரசியல் விளைவு உண்டு.

எஞ்சியிருப்பது அரிய பொருளின் கவர்ச்சி என்ற வாதம். பதின்மூன்று ஆண்டு கிடப்பில் இருந்த ஆல்பம், பதினைந்தே கச்சேரிகள் என்பதெல்லாம் புராணம் வளர ஏற்ற மண்தான். ஆனால் அரிதாயிருப்பதால் வரும் மோகம் பொருள் கைக்கு எட்டியதும் தணிந்துவிடும். டிஸ்கார்ட் 1991இல் ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்கின் பதிவுகளைக் குறுந்தட்டாகத் தொகுத்தது. 2012இல் 1984ஆம் ஆண்டின் டெமோவையும் வெளியிட்டது. மலிவு விலையில் எல்லாவற்றையும் கிடைக்கச் செய்துவருகிறது. புராணத்தின் வாழ்வாதாரம் போன பிறகும் கேட்பவர்கள் போகவில்லை. ராக் வரலாறு நீடித்த குழுக்களுக்கே மதிப்பெண் போடப் பழகியிருக்கிறது: எத்தனை ஆல்பம், எத்தனை ஆண்டு, எத்தனை ஊர். அந்தக் கணக்கில் இம்மூன்று குழுக்களும் தோற்றவை. எடுத்துக்கொண்ட கேள்விக்கு எவ்வளவு தூரம் உண்மையாக இருந்தன என்பதை அளவாக வைத்தால், நீண்ட காலம் ஓடிய பல குழுக்கள் எட்டாத இடத்தில் இவை இருக்கின்றன.