கணுக்காலளவு வசந்தம்

ரொறன்ரோவில் வசந்தம் முதலில் தரையில்தான் இறங்குகிறது. ஏப்ரல் கடைசியில் மேப்பிளும் பீச்சும் இன்னும் மொட்டைக் கிளைகளோடு நிற்கும். அதற்குள் அவற்றின் காலடியில் பூ வந்துவிடும். அதைப் பார்க்கத் தலை குனிய வேண்டும், அடிக்கடி நிற்கவும் வேண்டும். இந்த இரண்டையும் பழக்கிவிட நாயைப் போல இன்னொரு துணை இல்லை.

நகரின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 17 விழுக்காடு ஓடைப் பள்ளங்கள்தாம். டொன், ஹம்பர், ஹைலண்ட் கிரீக், ரூஜ் ஆகிய ஆறுகளும் அவற்றில் விழும் சிற்றோடைகளும் அறுத்த பள்ளங்கள். தெருவோரப் படிகளில் இறங்கினால் கொஞ்ச நேரத்தில் பேருந்துச் சத்தம் மேலேயே நின்றுவிடும். இவ்வளவு காடு நகரத்துக்குள் தப்பியதற்கு ஒரு துயரமும் காரணம். 1954 அக்டோபரில் வந்த ஹேசல் புயலின் வெள்ளம், ஹம்பர் கரையிலிருந்த ரேமோர் டிரைவில் ஒரே இரவில் 35 பேரை வாரிக்கொண்டு போனது. அதற்குப் பிறகே ஆற்றோரத்தில் வீடு கட்டத் தடை இறுகி, அந்த நிலங்கள் பொதுவுடைமையாயின.

என் நாய் வீமன் மூர் பார்க் பள்ளத்துப் பாதையில் நூறடி நடக்க ஐந்து நிமிடம் எடுப்பான். முன்பெல்லாம் இழுத்துக்கொண்டு போவேன். இப்போது நின்று பார்க்கிறேன். நாய் ஒரு நொடிக்கு ஐந்து முறை மட்டில் மோப்பம் இழுக்கும். வெளிவிடும் மூச்சு, மூக்கின் பக்கவாட்டுப் பிளவுகளின் வழியே பின்னோக்கிப் போகும். முன்னால் இருக்கிற வாசனையை அது கலைக்காது. ஈர மண்ணருகே அவன் மூக்கைத் தாழ்த்தினால் அந்த மூச்சில் காய்ந்த இலை மெல்ல அசையும். அப்படி அவன் ஓர் இலைக்குவியலை முகர்ந்து நின்றபோதுதான் பிளட்ரூட் பூவை முதன்முதலாகக் கிட்டத்தில் பார்த்தேன்.

பச்சைக்குழந்தையைச் சால்வையில் சுற்றியது போல, ஒற்றை இலை தண்டைச் சுற்றிக்கொண்டு மண்ணிலிருந்து எழும். நடுவே வெள்ளை மொட்டு. வெயில் பட்டால் இதழ்கள் மல்லாந்து விரியும், மாலையில் கூம்பிவிடும். சில நாள்தான் அதன் ஆயுள். பூ உதிரும் வேளையில்தான் இலை முழுதாக விரியும். செடியைக் கீறினால் செம்மஞ்சளாகச் சாறு கசியும் என்பார்கள். கீறிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

கொஞ்சம் தள்ளி ட்ரவுட் லில்லிகள் பாய் விரித்தாற்போலப் படர்ந்திருக்கும். பச்சையில் தவிட்டுநிறப் புள்ளிகள் ஓடிய இலைகள். ஒற்றை இலைச் செடி பூப்பதில்லை. இரண்டு இலை விட்டதுதான் மஞ்சள் பூவைத் தலைகீழாகத் தொங்கவிடும். அதனால் இலைகள் ஏராளம், பூக்கள் அபூர்வம். ஒன்ராறியோவின் மாகாண மலரான ட்ரில்லியம் இன்னும் பொறுமைசாலி. விதையிலிருந்து முதல் பூவுக்கு ஏழாண்டோ அதற்கு மேலோ ஆகும். மூன்று இலை, மூன்று புற இதழ், மூன்று வெள்ளை இதழ். அந்த வெள்ளை முதிர முதிர இளஞ்சிவப்பாகும். விதையைச் சுமந்து பரப்புவது எறும்பு. ஒரு பாதத்தின் மிதியில் ஏழாண்டு போய்விடும் என்பதால், நாயின் வார் இரண்டு மீற்றருக்கு மேல் போகக் கூடாது என்ற நகர விதியை நான் மனதார ஏற்கிறேன். சேற்றைக் கண்டால் ஒதுங்காமல் சேற்றிலேயே நடந்துவிடுவதும் அதனால்தான். ஒதுங்க ஒதுங்கப் பாதை அகன்று பூக்களைத் தின்னும்.

ஸ்காபரோவில் மோர்னிங்சைட் பூங்காவுக்குப் போனால் நம்முடைய அம்மாமார் நடைக்கு வந்திருப்பார்கள். “தம்பி, நாய் கடிக்குமோ?” என்று தூரத்திலேயே குரல் வரும். “இல்லை அம்மா” என்று வாரைச் சுருட்டிப் பிடித்துக்கொள்வேன்.

ஊரே திரண்டு போவது ஹை பார்க்கின் செர்ரிக்கு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இடம்பெயர்ந்து வந்த ஜப்பானியக் கனடியர்களை ஏற்றுக்கொண்ட ரொறன்ரோவுக்கு நன்றியாக, 1959இல் தோக்கியோ மக்கள் 2,000 சொமெய் யொஷினோ மரங்களைத் தந்தார்கள். எல்லாமே ஒட்டுக்கட்டிப் பெருக்கிய ஒரே இனம், ஆகவே ஒன்றாகவே பூக்கும். இளஞ்சிவப்பு மொட்டு, விரிந்தால் ஏறக்குறைய வெள்ளை. நான் அங்கே மரப்பட்டையையும் பார்ப்பேன்: கருஞ்சாம்பல் பளபளப்பில் குறுக்குக் கோடுகளாக மூச்சுத் துளைகள். வீமனுக்கு அடிமரம் போதும். முன்னே வந்த நாய்களெல்லாம் அதில் இருக்கின்றன.

ஆனால் ஹை பார்க்கில் என் மனம் போவது கருப்பு ஓக் மரங்கள் நிற்கும் புல்வெளிக்கு. புல்லையும் காட்டுப்பூக்களையும் காக்க, சில வசந்தங்களில் பூங்காவினரே அளவோடு தீ வைப்பார்கள். கரிந்த தரையில் முதலில் ஊசிப்பச்சையாகப் புல், பிறகு நீல லூபின். செர்ரிக் கூட்டம் கலைந்த பிறகே அது பூக்கும். இரண்டில் ஒன்றுதான் பார்க்கலாம் என்றால் லூபினுக்கே என் வாக்கு.