எங்களுக்கு ஒரு ஸ்டாப்பர் வேணும்

சின்னக் கல்லூரி ஒன்றிலிருந்து, "எங்க டீமுக்கு ஆட வர்றியா பாப்பா?" என்று ஒரு போன் வந்தால், ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் சரி என்று சொல்லிவிடுங்கள். நான் பி.ஏ. தமிழ் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அப்படி ஒரு போன் எனக்கு வந்தது. போனேன், ஆடினேன், இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறேன். இதுவரை எனக்கு நடந்த நல்லதிலெல்லாம் பெரிய நல்லது அதுதான். என்னைப் போன்ற பெண்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

எனக்குப் புதுச்சத்திரம். சேலத்திலிருந்து நாமக்கல் போகிற பஸ்ஸில் ஆண்டகளூர் கேட் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் எங்கள் நிறுத்தம் வரும். காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை போகும் 44-ஆம் எண் நெடுஞ்சாலை எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. கிழக்கே பார்த்தால் கொல்லிமலை. சுற்றிலும் கோழிப்பண்ணை, குச்சிக்கிழங்குக் காடு, சோளக்காடு. சாயங்காலமானால் பையன்கள் கபடி, வாலிபால், கிரிக்கெட் என்று பிரிந்துவிடுவார்கள். கால்பந்துக்கு இங்கே ஆள் கிடைப்பது கஷ்டம். எனக்குக் கால்பந்து வந்து சேர்ந்தது முட்டை லாரியில்.

அப்பா முட்டை லாரி ஓட்டுகிறார். நாமக்கல் முட்டைக்குக் கேரளா பெரிய சந்தை. ராசிபுரம் கடைவீதிக்கு அடுத்தபடியாக அப்பாவுக்கு நன்றாகப் பழகிய இடங்கள் கோழிக்கோடும் மலப்புறமும்தான். லோடு இறக்கிவிட்டு ராத்திரி தங்கும்போது செவன்ஸ் பார்க்கப் போய்விடுவார். பக்கத்துக்கு ஏழு பேர், சின்ன மைதானம், கட்டைகளால் எழுப்பிய தற்காலிக கேலரி, ஃப்ளட் லைட், ஆப்பிரிக்காவிலிருந்து வந்து ஆடும் ஆட்டக்காரர்கள் என்று அவர் சொல்லச் சொல்ல எனக்குத் தூக்கமே வராது. நான் எட்டாவது படிக்கும்போது அங்கிருந்து ஒரு அஞ்சாம் நம்பர் பந்து வாங்கி வந்து கொடுத்தார். 2022 உலகக் கோப்பை சமயத்தில் கோழிக்கோட்டுக்குப் பக்கத்தில் புள்ளாவூர் ஆற்றில் மெஸ்ஸிக்கு 30 அடி, நெய்மாருக்கு 40 அடி என்று ரசிகர்கள் கட்அவுட் வைத்தார்களே, அந்தப் படத்தை எனக்கு அனுப்பிவிட்டு போனில் கூப்பிட்டார். "அம்மிணி, நம்மூர்ல சினிமாக்காரங்களுக்கு வெக்கிற மாதிரி இங்க பந்தாட்டக்காரனுக்கு வெச்சிருக்கறாங்க பாரு!" அந்தக் குரலில் இருந்த சந்தோஷம் இன்னும் என் காதிலேயே இருக்கிறது.

எங்கள் பள்ளியில் பெண்கள் அணி என்று தனியாக எதுவும் இருந்ததில்லை. பி.டி. சார் கபடியிலிருந்து நாலு பேர், கோகோவிலிருந்து அஞ்சு பேர் என்று பிடித்துப் பதினொன்று தேற்றினார். குறுவட்டப் போட்டிக்கு எங்களோடு சேர்த்து இரண்டு மூன்று பள்ளிகள்தான் பெண்கள் அணியை அனுப்பின. அதனால் மாவட்டப் போட்டி வரைக்கும் போய்விட்டோம். மாவட்டத்தில் எதிரே நின்றவர்கள் வருஷக்கணக்காகப் பயிற்சி எடுத்தவர்கள். நாலு கோல் வாங்கினோம். நான் ஸ்டாப்பர், அதாவது கோல் கீப்பருக்கு முன்னால் நடுவில் நிற்கும் கடைசி ஆள். ஆட்டம் பூராவும் பந்து எங்கள் பக்கமேதான் இருந்தது. ஓடி, விழுந்து, வெட்டி, தலையால் முட்டி, எனக்கு அன்றைக்கு ஓய்வே கிடையாது.

கோட்டுக்கு வெளியே நோட்டோடு ஒரு மேடம் நின்றுகொண்டிருந்தார். பக்கத்திலிருக்கும் ஒரு சின்னக் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர். எல்லோரும் ஜெயித்த அணியின் ஃபார்வர்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் எங்கள் பக்கத்துப் பெனால்டி பாக்ஸையே பார்த்திருக்கிறார். பிற்பாடு காரணம் கேட்டேன். "ஜெயிக்கிற டீம்ல ஸ்டாப்பருக்கு என்ன வேலை? நாலு கோல் வாங்குன டீமோட ஸ்டாப்பரைத்தான் பாக்கணும். எட்டு கோல் போயிருக்க வேண்டிய ஆட்டம் அது. நாலோட நின்னுச்சுல்ல?" என்றார். ஆள் தேர்ந்தெடுப்பது எவ்வளவு பெரிய கலை என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான். தோற்ற அணிக்குள் ஒரு நல்ல ஆட்டக்காரி இருப்பதைக் கண்டுபிடிக்க எத்தனை வருஷப் பழக்கம் வேண்டும்!

போன் அப்பாவுக்குத்தான் வந்தது. அப்போது வாளையார் தாண்டி ஒரு டீக்கடையில் நின்றிருந்தாராம்.

"ஏனுங்க மேடம், பந்து ஆடறதுக்கா காலேஜுல எடம் தர்றீங்க?"

"ஆமாங்க. ஃபீஸ் வேண்டாங்க. ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் நாங்க பாத்துக்கறோம். காத்தால ஆறு மணிக்கு கிரவுண்டுல நிக்கணும், பாடத்துல அரியர் வெக்கக் கூடாது. அவ்வளவுதானுங்க."

அப்பா அந்த டீக்கடையில் இருந்த டிரைவர் அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அம்மாவுக்கு மட்டும் கொஞ்சம் பயம். ஹாஸ்டல் எப்படி, ராத்திரி பஸ்ஸில் வெளியூர் போவார்களா, கூட யார் வருவார்கள் என்றெல்லாம் கேட்டார். மேடம் வீட்டுக்கே வந்து திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். அம்மாயி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அங்க முட்டை போடுவாங்களா கண்ணு?" போடுகிறார்கள் அம்மாயி. பயிற்சி முடிந்ததும் தினமும் இரண்டு அவித்த முட்டை.

பெருநகரத்துக் கல்லூரி ஒன்றின் தேர்வுக்கும் போயிருந்தேன். அழகான புல்தரை. நூற்றுக்கணக்கான பெண்கள், ஆளுக்கொரு நம்பர் ஒட்டிய பிப். மாநில அணிக்கு ஆடியவர்கள்கூட வந்திருந்தார்கள். ரிசர்வில் வைத்துக்கொள்ளலாம், பிறகு பார்க்கலாம் என்றார்கள். நல்ல கல்லூரிதான், அவர்கள் சொன்னதும் நியாயம்தான். ஆனால் ரிசர்வ் என்றால் முதல் வருஷம் பெஞ்ச், இரண்டாம் வருஷமும் அநேகமாக பெஞ்ச். ஸ்டாப்பருக்கு மேட்ச் அனுபவம் வேண்டும். எப்போது முன்னால் ஏறிப் பந்தை வெட்டுவது, எப்போது பின்வாங்கி நேரம் கடத்துவது என்பதெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்து வராது.

எங்கள் கல்லூரியில் நடந்ததும் தேர்வுதான். முதலில் கூப்பர் டெஸ்ட்: பன்னிரண்டு நிமிடத்தில் எவ்வளவு தூரம் ஓட முடியுமோ ஓட வேண்டும். பிறகு கோன்களுக்கு நடுவே பந்தோடு போய்வருவது, இரண்டு காலாலும் பாஸ், அப்புறம் ஏழு பேர் ஆட்டம். ஆட்டத்தின் நடுவே மேடம் விசில் ஊதி நிறுத்தினார். "பாப்பா, நீ நல்லா வெட்டற. ஆனா வாயத் தொறக்கவே மாட்டேங்கற. ஸ்டாப்பருக்குத்தான் மொத்த கிரவுண்டும் தெரியும். நீ கத்தலீன்னா உனக்கு முன்னால நிக்கறவங்களுக்கு யாரு சொல்லுவா?" அதுவரை என்னிடம் யாரும், கத்து என்று சொன்னதே கிடையாது. "பின்னாடி ஆள்!" "ஏறு, ஏறு!" "விடாத!" என்று கத்தத் தொடங்கினேன். இப்போது என் குரல் எதிர் கோல் போஸ்ட் வரை கேட்கும். வகுப்பில் செமினார் எடுக்கும்போதும் அதே குரல்தான். கால்பந்து எனக்குக் கொடுத்தவற்றில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

சின்னக் கல்லூரியின் அணி எப்படி இருக்கும் என்று கேட்கிறீர்களா? செம்மண் மைதானம், மழை பெய்தால் சேறு, வெயிலில் புழுதி. எங்கள் கோல் கீப்பர் வாலிபால் ஆட வந்தவள். அவள் குதித்துப் பந்தைப் பிடிப்பதைப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. இடது விங்கில் ஆடுகிறவள் 400 மீட்டர் ஓட்டக்காரி. ரைட் பேக் கபடியில் கேப்டன், அவளைத் தாண்டி ஒருத்தி போய்விட முடியாது. காயம் பட்டால் மாற்றுக்கு ஆள் குறைவு என்பதால் எல்லோரும் எல்லா இடத்திலும் ஆடிப் பழகியிருக்கிறோம். முதல்வர் எங்கள் ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார். மேட்ச் நாளில் கேன்டீன் அண்ணன் கடையைச் சாத்திவிட்டு வந்து கோட்டோரம் நிற்பார். சேர்ந்த வருஷமே முதல் பதினொன்றில் ஆடினேன். ஒரு ஆட்டம்கூட வெளியே உட்கார்ந்ததில்லை!

பெரியார் பல்கலைக்கழகத்துக்குக் கீழே சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகள் வருகின்றன. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் நன்றாக ஆடுகிறவர்களைப் பொறுக்கிப் பல்கலைக்கழக அணி அமைப்பார்கள். அந்த அணி தென்மண்டலப் போட்டிக்குப் போகும். இரண்டாம் ஆண்டில் என் பெயர் அந்தப் பட்டியலில் வந்தது. பல்கலைக்கழகத்தின் பெயர் போட்ட டிராக் சூட்டைப் போட்டுக்கொண்டு சேலம் ஜங்ஷனில் ரயிலுக்காக நின்றபோது அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். லாரியை ஓரங்கட்டிவிட்டுப் பார்த்தார். தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதற்குப் படிவம் 1 முதல் 4 வரை சான்றிதழ்கள் உண்டு. நாட்டுக்காக ஆடினால் படிவம் 1, மாநிலத்துக்கு 2, பல்கலைக்கழகத்துக்கு 3, பள்ளிகளுக்கான தேசியப் போட்டியில் ஆடினால் 4. அம்மாவின் பயம் முழுசாகப் போனது இந்தக் கணக்கைச் சொன்ன பிறகுதான். கடலூரிலிருந்து போய் இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடிய இந்துமதி கதிரேசன், தமிழ்நாடு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர் என்று மேடம் சொன்னதும் அம்மா அந்தப் பெயரை மனப்பாடம் செய்துகொண்டார்.

எந்தக் காலத்தில் ஆடுகிறோம் என்பதும் ஒரு பாக்கியம். நான் கல்லூரியில் சேர்ந்த அதே 2023 ஜூனில், அமிர்தசரஸில் நடந்த தேசியப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் தமிழ்நாட்டுப் பெண்கள் ஹரியானாவை 2-1 என்று ஜெயித்தார்கள். அதற்கு முன் 2018-இல் கட்டாக்கில் மணிப்பூரை வென்று முதல் தடவை கோப்பை வாங்கியதும் நம் பெண்கள்தான். மதுரையின் சேது எஃப்.சி. 2019-இல் இந்திய மகளிர் லீக்கையே வென்றது. 2025 ஜூலையில் சியாங் மாயில் தாய்லாந்தை 2-1 என்று ஜெயித்து ஆசியக் கோப்பைக்கு இந்தியா தகுதி பெற்றது. ஹாஸ்டலில் ஒரே போனைச் சுற்றி உட்கார்ந்து ஸ்கோர் பார்த்தோம். சங்கீதா பாஸ்ஃபோர் இரண்டாவது கோலைப் போட்டபோது நாங்கள் போட்ட சத்தத்தில் வார்டன் ஓடிவந்தார்; வந்தவர் விஷயம் தெரிந்ததும் எங்களோடு உட்கார்ந்துவிட்டார்.

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டில் மூன்றாம் பிரிவு என்று ஒன்று உண்டு. நானூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகள், பெரும்பாலும் சின்னவை. விளையாட்டுக்கென்று அவர்கள் உதவித்தொகை தரக் கூடாது என்பது விதி. அப்படியிருந்தும் அங்கேயும் பயிற்சியாளர்கள் ஆட்டங்களுக்குப் போய்ப் பார்த்து, பிள்ளைகளைக் கூப்பிடுகிறார்கள், பிள்ளைகளும் போகிறார்கள். எனக்கு இது கொஞ்சமும் ஆச்சரியமில்லை. நீ வேண்டும் என்று ஒருவர் தேடிவந்து சொல்வதில் இருக்கும் தெம்பு அப்படி. நமக்கோ ஃபீஸும் மிச்சம், முட்டையும் உண்டு!

வருகிற கோடையோடு நான் படிப்பை முடிக்கிறேன். ஸ்டாப்பர் இடம் காலியாகிறது. மேடம் இப்போதே நோட்டை எடுத்துக்கொண்டு போட்டி போட்டியாகப் போய்க்கொண்டிருக்கிறார். ராசிபுரம், சேந்தமங்கலம், எருமப்பட்டி, நாமக்கல் பக்கத்தில் பிளஸ் டூ படிக்கிற பெண்களே, மாவட்டப் போட்டியில் தோற்றுவிட்டோம் என்று சான்றிதழைத் தூக்கிப் பரணில் போடாதீர்கள். குறுவட்டச் சான்றிதழிலிருந்து எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு, இரண்டு செட் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பரீட்சை முடிந்த கையோடு தினமும் கொஞ்ச தூரம் ஓடுங்கள். கூப்பர் டெஸ்ட்டுக்கு அது கட்டாயம் வேண்டும். தேர்வு நாளில் காலையில் வயிறு நிறையச் சாப்பிடாமல் வாருங்கள். ஸ்டட் ஷூ இல்லையென்றாலும் வாருங்கள், என்னுடையது இருக்கிறது, ஆறாம் நம்பர்.