துரோகிகளின் தோழமை

சில ஆண்டுகளுக்கு முன் மதுரையில் ஒரு கூட்டம். ஈழத்துப் பெண் கவிதைகள் பற்றி நான் கட்டுரை வாசித்தேன். 'எல்லை கடந்த சகோதரித்துவம்' என்ற தொடர் அதில் நான்கைந்து இடங்களில் வந்தது. நடுநடுவே கவிதைகளைப் படித்துக்காட்டியபோது சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கும் தொண்டை அடைத்தது. கூட்டம் முடிந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு அம்மா பக்கத்தில் வந்து நின்றார். 1990இல் யாழ்ப்பாணத்திலிருந்து படகேறி வந்து முகாமிலேயே தங்கிப்போனவர். "வடிவா வாசிச்சீங்கள் பிள்ளை. நிறையப் பேர் அழுதவை. ஆனா உங்கட ஆமி வந்து செய்துபோட்டுப் போனதைப் பற்றி ஒருத்தரும் ஒரு சொல்லும் கதைக்கேல்லையே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. விட்டுப்போன ஒன்றை எடுத்துக் கொடுப்பதுபோலச் சொன்னார்.

'உங்கட ஆமி.' இந்த இரண்டு சொற்கள் என் கட்டுரையை மொத்தமாகக் கவிழ்த்துவிட்டன. நான் அதுவரை என்னைக் கேட்பவளாகவும், அனுதாபம் கொள்பவளாகவும், ஏன், பாதிக்கப்பட்டவர்களில் ஒருத்தியாகவும் வைத்து எழுதியிருந்தேன். அந்த அம்மாவின் வாக்கியத்தில் நான் வேறொரு இடத்தில் நின்றேன். வந்து போன சிப்பாயின் ஊர்க்காரியாக.

'பெண் எங்கேயும் பெண்தானே' என்பதிலிருந்துதான் சகோதரித்துவம் என்கிற சொல்லாடல் தொடங்குகிறது. சந்திரா தல்பாதே மொஹந்தி 1980களின் நடுவில் எழுதிய 'மேற்கத்தியப் பார்வையின் கீழ்' என்ற கட்டுரையை நாமெல்லாம் மேற்கோள் காட்டுகிறோம். மேற்கத்தியப் பெண்ணியம் 'மூன்றாம் உலகப் பெண்' என்று ஒரே அச்சில் ஒரு பலியாளை வார்த்துவைத்துக்கொண்டு பேசுகிறது என்பது அவருடைய விமர்சனம். சரி. அதே அச்சை நாம் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையிலுள்ள முப்பது கிலோமீட்டர் கடலுக்குக் குறுக்கே வைத்திருக்கிறோமா இல்லையா? யோசிச்சுப் பாருங்க. நம் மேடைகளில் 'ஈழப் பெண்' எப்போதும் அழுதுகொண்டிருக்கிறாள். இல்லாவிட்டால் துவக்கு ஏந்தி நிற்கிறாள். அவள் கேள்வி கேட்பதில்லை, அதுவும் நம்மைப் பார்த்து.

வலி ஒன்றாக இருந்தால் தோழமை தானாக வந்துவிடும் என்பதும் இதே நம்பிக்கையின் இன்னொரு பக்கம். இலங்கையின் வரலாறே அதற்குப் பதில் சொல்கிறது. இளைஞர்களை அரசுப் படைகள் கூட்டமாகப் பிடித்துச் சென்றதை எதிர்த்து 1984இல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி உருவானது. ஜே.வி.பி. கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபோது காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு 1990இல் தெற்கில் சிங்களத் தாய்மார் தங்கள் அன்னையர் முன்னணியைத் தொடங்கினார்கள். பெயர் ஒன்று, கேள்வி ஒன்று, கேட்கப்பட்ட அரசும் ஒன்று. ஆனாலும் இரண்டும் ஒரே இயக்கமாகிவிடவில்லை. தாய்மை என்பதைக் கடவுச்சீட்டாக நீட்டியவுடன் எல்லைகள் திறந்துவிடுவதில்லை.

'சொல்லாத சேதிகள்' 1986இல் யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் வெளியிட்ட தொகுப்பு. பத்துப் பெண்களின் கவிதைகள். நான் எம்.ஏ. படிக்கும்போது அதன் ஜெராக்ஸ் பிரதி விடுதியில் கைமாறிக்கொண்டிருந்தது. அப்போது அதில் போரை மட்டும் அடிக்கோடிட்டுப் படித்தேன். 2009 முடிந்து அதிக நாளாகியிருக்கவில்லை, வேறு மாதிரி படிக்கத் தெரியவும் இல்லை. இப்போது திரும்பப் படிக்கும்போது வீடும் கல்யாணமும் ஆண்களின் பார்வையும் அதே அளவு இடம்பிடித்திருப்பது தெரிகிறது. அந்தத் தொகுப்பில் முஸ்லிம் பெண்ணொருவரும் இருக்கிறார். அது வெளிவந்து நான்கே ஆண்டுகளில், 1990 அக்டோபரில், வடக்கிலிருந்த முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஒரு சிறிய தொகுப்பின் அட்டைகளுக்குள் சேர்ந்திருந்தவர்கள் ஒரே ஊரில் சேர்ந்திருக்க முடியாமல் போனது. நாம் கடந்துவிட்டதாகச் சொல்லும் எல்லை இந்த ஒரு பிரதிக்குள்ளேயே எத்தனை முறை ஓடுகிறது!

ராஜினி திராணகமவுக்கு வருவோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் விரிவுரையாளர். ஒரு காலத்தில் புலிகளின் ஆதரவாளராக இருந்து விலகியவர். மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பைக் கட்டியவர்களில் ஒருவர், 'பூரணி' பெண்கள் இல்லத்தை உருவாக்கியவர்களிலும் ஒருவர். 1987 அக்டோபரில் இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணத்துக்குள் புகுந்தது. 21, 22 தேதிகளில் யாழ். ஆஸ்பத்திரிக்குள்ளேயே மருத்துவர்களும் தாதிகளும் நோயாளிகளுமாக அறுபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அந்த மாதங்களில் பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்களைத் தேடிப்போய், அவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதினார் ராஜினி. மூன்று தோழர்களோடு சேர்ந்து அவர் எழுதிய 'முறிந்த பனை' நூலில் அது ஒரு அத்தியாயம். அதன் தலைப்பு 'இனிக் கண்ணீர் வேண்டாம் சகோதரி' என்று பொருள்படுவது. மதுரையில் நாங்கள் அழுதுகொண்டிருந்ததை நினைத்துக்கொள்கிறேன்.

1989 செப்டம்பர் 21 அன்று பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும்போது அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 35. கொன்றது புலிகள்தான் என்று அவருடைய தோழர்கள் சொல்லிவந்திருக்கிறார்கள். பூரணியோடு தொடர்பிருந்த, 'தோழி' இதழை நடத்திய கவிஞர் செல்வியை 1991 ஆகஸ்ட் 30 அன்று புலிகள் பிடித்துச் சென்றார்கள். அவர் திரும்பவில்லை. 1992இல் அமெரிக்க பென் அமைப்பு எழுத்துச் சுதந்திர விருதை அறிவித்தபோது அதை வாங்க அவர் இல்லை.

தமிழ்நாட்டில் ராஜினி எப்படி வாசிக்கப்படுகிறார்? இந்தியத் தேசியம் பேசுகிறவர்கள் புலிகளை அடிக்க அவரை ஒரு கம்பாக எடுத்துக்கொள்கிறார்கள். அமைதிப்படையைப் பற்றி அவர் எழுதிய பக்கங்களை மட்டும் கவனமாக ஒட்டி மூடிவிடுகிறார்கள். தமிழ்த் தேசியம் பேசுகிறவர்கள் அவர் பெயரையே எடுப்பதில்லை. எடுத்தால் 'துரோகி' என்ற சொல்லும் கூட வந்துவிடும். ஒன்றுக்கொன்று எதிரானவை என்று சொல்லிக்கொள்ளும் இரண்டு பெருங்கதையாடல்களும் அந்த யாழ்ப்பாணப் பெண்களின் வாக்குமூலத்தைக் கேட்காமலிருப்பதில் மட்டும் ஒத்துப்போகின்றன.

இந்த 'துரோகி' என்ற சொல்லை வேறொரு ஊரில் வைத்துப் பார்க்கலாம். 1988 ஜனவரியில் ஜெருசலேமில் சில இஸ்ரேலியப் பெண்கள் கறுப்பு உடுத்தி, பாலஸ்தீன ஆக்கிரமிப்பை நிறுத்தக் கோரி வெள்ளிக்கிழமைதோறும் தெருமுனையில் நின்றார்கள். இத்தாலியப் பெண்கள் வழியாக அந்த வடிவம் யூகோஸ்லாவியாவுக்குப் போனது. 1991 அக்டோபர் 9 அன்று பெல்கிரேடில் 'கறுப்பு உடைப் பெண்கள்' நிற்கத் தொடங்கினார்கள். தங்கள் சொந்த செர்பிய அரசு நடத்திய போருக்கு எதிராக, எங்கள் பெயரால் இதைச் செய்யாதே என்று. போகிறவர் வருகிறவர்கள் துப்பினார்கள், துரோகி என்றும் வேசி என்றும் திட்டினார்கள். 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சாவில் எட்டாயிரம் பொஸ்னிய முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்ட பிறகு, ஆண்டுதோறும் பெல்கிரேடிலேயே அந்தப் படுகொலையை நினைவுகூர்கிறார்கள். ஸ்ரெப்ரெனிட்சாவின் தாய்மார் இவர்களை ஏற்றுக்கொண்டார்கள் என்றால், கூட அழுததற்காக இல்லை. சொந்த ஊரில் வசை வாங்கியதற்காக.

இத்தாலியப் பெண்ணியவாதிகளிடமிருந்து எடுத்துக்கொண்டு நீரா யுவல்-டேவிஸ் 'ஊடறுக்கும் அரசியல்' என்று ஒன்றைப் பேசுகிறார். அதில் இரண்டு அசைவுகள். தான் நிற்கும் இடத்தில் வேர்கொள்வது, மற்றவர் இடத்துக்கு மாறிப் பார்ப்பது. நம்முடைய கூட்டங்களில் இரண்டாவது மட்டும் நடக்கிறது. வேரை மறைத்துக்கொண்டு இடம் மாறுகிறோம். ஒரு மாலைப்பொழுது ஈழப் பெண்ணாகிவிட்டு, வீட்டுக்குப் போய் இந்தியக் குடிமகளாகத் தூங்குகிறோம்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். செர்பிய அரசும் ஒடுக்கப்பட்ட ஒரு மக்களின் இயக்கமும் ஒன்றா? ஒன்றில்லை. சிங்களப் பேரினவாத அரசின் குற்றத்தையும் இயக்கத்தின் குற்றத்தையும் தராசில் வைத்துச் சமன்செய்ய நான் சொல்லவில்லை. யார் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதுதான் பிரச்சினை. இயக்கத்தை விமர்சிப்பது ராஜினிக்குச் சொந்த வீட்டு வேலை, அதற்கான விலையையும் அவர் கொடுத்தார். சென்னையில் உட்கார்ந்து அதையே திருப்பிச் சொல்வதற்கு எனக்கு ஒரு செலவும் இல்லை. ராஜபக்சவைத் திட்டவும் செலவில்லை. என் சொந்த வீட்டு வேலை அமைதிப்படை.

'அது தில்லி ராணுவம், அதுக்கும் தமிழனுக்கும் என்ன?' என்பார்கள். 1990 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் திரும்பி வந்த படையை வரவேற்க அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை என்றும் நினைவுபடுத்துவார்கள். போகாதது சரிதான். ஆனால் வாச்சாத்தி? 1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டத்தின் அந்தப் பழங்குடிக் கிராமத்துக்குள் நுழைந்த வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் தமிழ்நாட்டு அரசினுடையவை. பதினெட்டுப் பெண்கள் வன்புணர்வு செய்யப்பட்டார்கள். செய்தவர்கள் தமிழ் பேசினார்கள். 269 பேர் குற்றம் சாட்டப்பட்டு, இடையில் இறந்துபோனவர்கள் போக எஞ்சிய 215 பேரும் 2011இல் தண்டிக்கப்பட்டார்கள். 2023இல் உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அந்தப் பெண்களோடு கோர்ட்டுக்கும் வீட்டுக்குமாய் அலைந்தவர்கள், சொந்த மாநில அரசை எதிர்த்தே பத்தொன்பது ஆண்டுகள் நின்றார்கள். எல்லை கடப்பது எப்படி என்று படிக்க பெல்கிரேடுக்குக்கூடப் போக வேண்டாம். அரூர் வரை போனால் போதும்.

இந்தக் கட்டுரையின் முதல் வடிவத்தை ஒரு நண்பரிடம் காட்டினேன். "இப்போ இது தேவையா தோழர்? அங்க காணாமப்போன பிள்ளைங்களைக் கேட்டு 2017லேருந்து அம்மாக்கள் ரோட்டோரத்துல உட்கார்ந்திருக்காங்க. நாம ஒண்ணா இருக்க வேண்டிய நேரம்" என்றார். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் அந்தத் தாய்மார் கேட்பது ஒரே கேள்வி: கையில் ஒப்படைத்தோமே, எங்கே? ராணுவம் பதில் சொல்ல வேண்டும் என்று கேட்கிறவர்களோடு நிற்க விரும்புகிற நாம், நம்முடைய ராணுவம் பதில் சொல்ல வேண்டும் என்று ஒருமுறையாவது கேட்டிருக்க வேண்டாமா?

அந்த அம்மாவின் பெயரைக்கூட நான் அன்று கேட்டுக்கொள்ளவில்லை. அடுத்த முறை ஈழக் கவிதை வாசிக்க என்னைக் கூப்பிடுகிறவர்களிடம் இனி ஒரு நிபந்தனை வைக்கிறேன். முதலில் 'முறிந்த பனை'யின் அந்த அத்தியாயத்திலிருந்து நான்கு பக்கம் வாசிக்கப்படும். அதைக் கேட்ட பிறகு கவிதைக்கு எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்போம். உட்கார்ந்திருப்பவர்களோடு பேசத் தொடங்கலாம்.